அர்தேஷ் ஆற்றில் பிள்ளைகளோடு கனூ: படகுக்கு நாலு நட்சத்திரம், விளக்கத்துக்கு இரண்டு

முழுவதையும் வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரான்சின் தெற்கே அர்தேஷ் ஆற்றில் கனூ என்ற துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு குடும்பமாக இறங்குவது கொடுத்த காசுக்குப் பெறுமதியான விஷயம். ஆனால் இரண்டு நாளாகப் பிரித்து எடுங்கள், நடுவில் ஒரு இரவு பள்ளத்தாக்குக்குள்ளேயே தங்குங்கள். முழுத் தூரத்தையும் ஒரே நாளில் முடிக்கிற பயணத்தைப் பிள்ளைகளோடு எடுக்கவே வேண்டாம், விலை குறைவு என்று கடைக்காரர் எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி. எந்தக் கடையில் எடுப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

கடையின் பெயரை நான் இங்கே போடவில்லை. வல்லோன்-போன்-தார்க் ஊரிலும் அதற்கு எதிர்க்கரையில் உள்ள சலவாஸிலும் வாடகைக்கடைகள் வரிசையாக நிற்கின்றன, எல்லாரிடமும் கிட்டத்தட்ட அதே தடித்த பிளாஸ்டிக் படகு, அதே மூடி போட்ட பீப்பாய், அதே திரும்பிவரும் பஸ். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்களுக்கு ஒரு கடையில் நடந்தது உங்களுக்கு இன்னொரு கடையில் நடக்கலாம், ஆகவே இது ஒரு கடையைப் பற்றியது என்று எடுக்காமல் அந்தச் சேவையைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம். நடுப் பிரான்சின் மலைப்பகுதியில் தொடங்கி ஏறக்குறைய 125 கிலோமீற்றர் ஓடி போன்-சான்-எஸ்ப்ரி பக்கத்தில் ரோன் ஆற்றோடு சேர்கிறது. கனூக்காரர்கள் போவது அதன் கடைசிப் பகுதியில், வல்லோனிலிருந்து சான்-மர்த்தான் வரை. சுண்ணாம்புக்கல் மலையை ஆறு அறுத்துக்கொண்டு போன இடம் அது, இரண்டு பக்கமும் சில இடங்களில் 300 மீற்றர் வரை செங்குத்தாகப் பாறை. 1980 இலிருந்து தேசிய இயற்கைக் காப்பிடம். அதனால் உள்ளே நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது, நெருப்பு மூட்ட முடியாது, நாயைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. இதை முன்பதிவு செய்யும்போதே கடைக்காரர் சொல்லவேண்டும். எங்களுக்குச் சொன்னார்கள், அந்த அளவில் சரி.

இப்போது தூரக்கணக்கு. கடையில் மூன்று தெரிவு வைப்பார்கள்: 8, 24, 32 கிலோமீற்றர். இணையத்தளத்தில் மூன்றும் ஒரே மாதிரி வடிவான படத்தோடு இருக்கும், ஆனால் மூன்றும் மூன்று வேறு பயணங்கள்.

8 கிலோமீற்றர் என்பது வல்லோனிலிருந்து ஷாம் வரை. அரை நாள் போதும். இந்த ஆற்றின் பெயர்போன போன் தார்க் இதற்குள்தான் வருகிறது: ஆறு பாறையைக் குடைந்து உண்டாக்கிய இயற்கை வளைவு, 54 மீற்றர் உயரம், அதற்குக் கீழால் படகில் போவீர்கள். அதற்குச் சற்று முன்னால் ஷார்லமாஞ் என்ற பாய்ச்சலும் இதிலேயே இருக்கிறது, ராப்பிட் என்று அவர்கள் சொல்வது, தண்ணீர் ஒடுங்கி வேகமெடுத்துப் பாறைகளுக்கு நடுவால் பாயும் இடம். ஆக, சின்னத் தூரம் என்றால் லேசான தூரம் என்று அர்த்தமில்லை, இந்தப் பயணத்தின் பிரபலமான பாய்ச்சலே முதல் சில கிலோமீற்றருக்குள், இன்னும் துடுப்புப் பிடிக்கக் கை பழகாத நேரத்தில் வந்துவிடுகிறது.

24 கிலோமீற்றர் ஷாமில் தொடங்கி சான்-மர்த்தானுக்குக் கிட்ட உள்ள சோஸ் வரை. கவனியுங்கள், ஷாம் இருப்பது போன் தார்க்குக்குக் கீழே. அதாவது 24 எடுத்தால் அந்த வளைவுக்குக் கீழால் போகமாட்டீர்கள். விளம்பரப் படத்தில் அந்த வளைவைப் பார்த்துவிட்டு 24 ஐப் பதிவு செய்த ஒரு குடும்பம் எங்களோடு பஸ்ஸில் இருந்தது, அந்த அம்மா கணவரைப் பார்த்த பார்வையை எழுத்தில் சொல்ல முடியாது. கடைக்காரர் இதைக் கொட்டை எழுத்தில் போட்டால் என்ன?

32 இரண்டும் சேர்ந்தது. ஒரே நாளில் முடிப்பதென்றால் ஆறு தொடக்கம் எட்டு மணித்தியாலம் துடுப்புப் போடவேண்டும், ஆற்றில் தண்ணீர் குறைந்த கோடையில் அதைவிடக் கூடும். பெரியவர்கள் முடிப்பார்கள், அடுத்த நாள் தோள் நோகும், அவ்வளவுதான். பிள்ளைகள் பாதி வழியில் துடுப்பை மடியில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் படகு ஒரு ஆளின் கையில்தான். பின்னேரம் ஆகிவிட்டால் ஆறு மணிக்கு மேல் ஆற்றில் நிற்கவும் கூடாது, ஆகவே வழியில் இறங்கிக் குளிக்க, பாறையில் ஏறிக் குதிக்க, ஆறுதலாகச் சாப்பிட என்று எதற்கும் நேரமிராது. பிள்ளைகளுக்கு அந்தக் குளிப்பும் குதிப்பும்தானே பயணம்.

இரண்டு நாளாக எடுத்தால் இரவு தங்கக் காப்பிடத்துக்குள் அனுமதித்த இடங்கள் இரண்டு, கோ, கூர்னியே. பாதித் தூரத்துக்கு முன்னால் வருவது கோ, பாதியைத் தாண்டி வருவது கூர்னியே. எதில் தங்குவதென்றாலும் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும், சும்மா போய் நிற்க முடியாது. கடைக்காரரே உங்களுக்காகச் செய்து தருவார், ஆனால் ஜூலை, ஓகஸ்ட் வார இறுதிகளுக்கு நேரத்தோடு கேளுங்கள். எந்த இடம் நல்லது என்று கேட்டால், காலை ஒன்பது மணிக்கே ஆற்றில் இறங்கக்கூடிய ஒழுங்கான குடும்பம் என்றால் கூர்னியே, இரண்டாம் நாள் லேசாகிவிடும். எங்களைப் போல ஒருவர் சப்பாத்தைத் தேட இன்னொருவர் கழிப்பறைக்குப் போக வெளிக்கிடவே பத்தரை ஆகும் கூட்டம் என்றால் கோ.

பதிவின்போது கேட்ட கேள்விகளில்தான் எனக்கு முதல் மனக்குறை. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள், அதை எல்லாரும் கவனமாகக் கேட்கிறார்கள். அக்காவின் கடைசிப் பெடியனுக்கு ஐந்து வயது, அவன் வரமுடியாது என்று முதல் நாளே தெளிவாகச் சொன்னார்கள், நல்லது. மற்ற நிபந்தனை, ஏறுகிற எல்லாருக்கும் குறைந்தது 25 மீற்றர் நீந்தத் தெரிந்திருக்கவேண்டும், தண்ணீருக்குள் தலை போனால் பதறக்கூடாது. இதற்குப் படிவத்தில் ஒரு பெட்டிக்குள் கோடு போட்டுக் கையெழுத்து, அவ்வளவுதான். ஒருவரும் முகத்தைப் பார்த்து, "உண்மையாகவே நீந்துவீங்களா?" என்று கேட்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இது முக்கியம். இங்கே பிரான்சில் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே நீச்சல் பழக்கிவிடுகிறார்கள், அவர்கள் மீன் மாதிரி. நாங்கள்தான் பிரச்சினை. கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தும் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் போகாத அண்ணன், அக்காமார் எத்தனை பேர்! லைஃப் ஜாக்கெட் மிதக்கவைக்கும், உண்மைதான், ஆனால் கவிழ்ந்தவுடன் பயத்தில் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கழுத்தைப் பிடித்துத் தொங்குவதை அது தடுக்காது. நீந்தத் தெரியாதவர் கோடு போடாதீர்கள். அம்மாவிடம் கேட்டபோது அவரே, "எனக்கு வேண்டாம் பிள்ளை, நான் கரையில இருந்து கை காட்டுறன்" என்று சொல்லிவிட்டார். போன் தார்க்குக் கிட்டவரை ரோட்டாலேயே வரலாம், பக்கத்தில் மணல் கரை இருக்கிறது, அம்மாவும் அக்காவும் சின்னவனும் அங்கே நின்று கை காட்டினார்கள்.

அவர்கள் மிச்ச நேரத்துக்கு ஷோவே குகையின் மாதிரியைப் பார்க்கப் போனார்கள். 1994 டிசம்பரில் கண்டுபிடித்த குகை அது, உள்ளே ஏறக்குறைய 36,000 வருடப் பழமையான சிங்கம், காண்டாமிருகம், குதிரை எல்லாம் சுவரில் வரைந்திருக்கிறது. மூலக்குகையைப் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. அதனால் வல்லோனுக்குக் கிட்ட மலைமேல் அதைப் பார்த்து அப்படியே செய்த மாதிரிக் குகையை 2015 இல் திறந்தார்கள். அக்கா இன்னும் அதைப் பற்றித்தான் கதைக்கிறார், ஆற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆற்றுக்கு வரமுடியாதவர்கள் சும்மா கரையில் காய்ந்துகொண்டிருக்கத் தேவையில்லை என்பதற்காகச் சொன்னேன்.

சரி, கடைக்கு வருவோம். படகுகள் நல்ல நிலையில் இருந்தன. இருவர் ஏறுவது, நடுவில் ஒரு சின்ன ஆளை இருத்தக்கூடிய மூவர் படகு, இரண்டும் கிடைக்கும். அடி முழுக்கக் கீறல், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், கோடையில் தண்ணீர் குறையும்போது கல்லில் உரசி உரசி வந்த கீறல், அந்த பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. பாரம்தான் கொஞ்சம் கூட, கரையில் இழுக்க இரண்டு பேர் வேண்டும். லைஃப் ஜாக்கெட்டுகளில் அளவு சரியாக இருந்தது, பிள்ளைகளுக்குத் தோளில் பிடித்து மேலே இழுத்துப் பார்த்துத்தான் கட்டினார்கள், அந்தப் பெண் பிள்ளை தன் வேலையை ஒழுங்காகச் செய்தாள். படகுக்கு நாலு நட்சத்திரம் கொடுத்தது இதற்காக.

பீப்பாய்க்குத்தான் ஒரு நட்சத்திரம் குறைத்தேன். உடுப்பு, சாப்பாடு, ரெலிபோன், நித்திரைப்பை எல்லாம் போட்டு மூடிப் படகில் கட்டுகிற பிளாஸ்டிக் பீப்பாய் அது. அதன் திருகு மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் உள்ளே விளிம்போடு ஒரு ரப்பர் வளையம் இருக்கும். தண்ணீரைத் தடுப்பது அந்த வளையம்தான், அது பழுதென்றால் மூடியை எவ்வளவு இறுக்கித் திருகினாலும் பயனில்லை. எங்களுக்குத் தந்தவற்றில் ஒன்றில் வளையம் ஒரு இடத்தில் வெடித்திருந்தது, அது தெரியவந்தது இரவுச் சாப்பாட்டுக்கு மூடியைத் திறந்தபோதுதான். பரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலில் வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோன மீன் ரோல்ஸ் எல்லாம் ஆற்றுத்தண்ணீரில் ஊறி மாவாகிக் கிடந்தன. புட்டு மற்றப் பீப்பாயில் இருந்ததால் தப்பியது. திரும்பி வந்து காட்டியபோது கவுண்டரில் நின்றவர் மூடியை வாங்கிப் பார்த்து, "ஓ, இது பழசு" என்றார், ஒரு ஓரமாக வைத்தார், கதை முடிந்தது. அடுத்த ஆளுக்கு அதையே கொடுத்திருக்கமாட்டார் என்று நம்புகிறேன். ஆகவே நீங்கள் கரையிலேயே திறந்து வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள், திருகுப் புரியில் மணல் இருந்தால் கழுவுங்கள், ரெலிபோனை அதற்கு மேலும் ஒரு ஸிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போடுங்கள்.

இப்போது விளக்கம். ஆற்றில் இறங்க முன் ஒரு இளைஞர் எங்களையும் இன்னும் சில குடும்பங்களையும் வட்டமாக நிற்பாட்டி, துடுப்பை எப்படிப் பிடிப்பது, எங்கே இறங்குவது, பஸ் எத்தனை மணிக்கு என்று மூச்சுவிடாமல் பிரெஞ்சில் சொல்லி முடித்தார். ஐந்து நிமிடம்கூட வராது. நெதர்லாந்துக் குடும்பம் ஒன்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது. பாய்ச்சலைப் பற்றி அவர் சொன்னது, "ஷார்லமாஞ்சில் கவனமாக இருங்கள்." எப்படிக் கவனமாக இருப்பது?

என் கணவரோடு வேலை செய்யும் ஒருவர் கயாக் ஓட்டுகிறவர், அவர் முன்கூட்டியே வீட்டுக்கு வந்து மேசையில் கடதாசி வைத்துக் கீறிக் காட்டியிருந்தார். அந்தக் கடைக்காரர் சொல்லியிருக்கவேண்டியதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் இந்தப் பயணத்தில் ஆக முக்கியமான பகுதி.

பாய்ச்சலுக்கு மேலே நின்று தண்ணீரைப் பாருங்கள். இரண்டு பாறைக்கு நடுவால் தண்ணீர் ஒரு நாக்கு மாதிரி வழவழவென்று இறங்கி, கீழே போகப்போக ஒடுங்கி ஒரு முனையில் முடியும். அந்த முனை கீழ்நோக்கி இருந்தால் அது வழி, அதன் நடுவில் படகை விடுங்கள். முனை உங்களைப் பார்த்து, மேல்நோக்கி இருந்தால் அந்த முனையில் தண்ணீருக்குள் ஒரு கல் ஒளிந்திருக்கிறது. முன்னால் போன படகு முழுதாக வெளியேறும் வரைக்கும் நீங்கள் இறங்கவேண்டாம், அவர்கள் கவிழ்ந்தால் அவர்களுக்கு மேலேதான் போய் விழுவீர்கள். இறங்கியபிறகு துடுப்பை நிற்பாட்டாதீர்கள். பயத்தில் எல்லாரும் செய்வது அதுதான், துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து பார்ப்பது. தண்ணீரைவிடப் படகு கொஞ்சம் வேகமாகப் போனால்தான் பின்னால் இருப்பவர் அதைத் திருப்ப முடியும், இல்லாவிட்டால் படகு இலைதான், தண்ணீர் கொண்டுபோய் எங்கே வைக்கிறதோ அங்கே.

அடுத்தது, பாறையில் பக்கவாட்டாக முட்டினால் எந்தப் பக்கம் சாய்வது? யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், பாறைக்கு எதிர்ப்பக்கம் என்பார்கள். உடம்பும் தன்பாட்டில் அப்படித்தான் சாயும். அப்படிச் சாய்ந்தால் மேலிருந்து வரும் தண்ணீர் படகின் அந்த விளிம்பால் உள்ளே கொட்டும், ஒரு நொடியில் கவிழ்ந்துவிடும். பாறையைக் கட்டிப்பிடிக்கப் போகிற மாதிரிப் பாறைப்பக்கம் சாயவேண்டும். பிள்ளைகளுக்கு இதை வீட்டில் சோபாவில் இருத்திப் பழக்கினோம், ஒருவர் தள்ள மற்றவர் சாய, நல்ல பகிடி. ஆற்றில் அது உதவியது.

விழுந்துவிட்டால் மல்லாக்காகக் கிடந்து, கால் இரண்டையும் முன்னால் நீட்டி, கால்பக்கம் முதலில் போகிற மாதிரி மிதந்து போகவேண்டும். வேகத்தண்ணீரில் எழும்பி நிற்கப் பார்க்கக்கூடாது, முழங்கால் அளவுதானே என்று நினைத்தாலும் கூடாது, இரண்டு கல்லுக்கு நடுவில் கால் மாட்டினால் தண்ணீர் முதுகில் ஏறி உங்களைக் குப்புற அமத்திவிடும். பாய்ச்சல் முடிந்து தண்ணீர் அமைதியானபிறகு எழும்புங்கள். இவ்வளவையும் சொல்ல அந்த இளைஞருக்கு இன்னும் ஐந்து நிமிடம் போதும். அதனால்தான் விளக்கத்துக்கு இரண்டு நட்சத்திரம், அந்த இரண்டும் அவர் சிரித்த முகத்தோடு சொன்னதற்கு.

யாரை எந்தப் படகில் விடுவது என்பதையும் கடையில் ஒருவரும் கேட்பதில்லை. பின்னால் இருப்பவர்தான் திருப்புகிறவர், ஆகவே ஒவ்வொரு படகிலும் பின்னால் ஒரு பெரியவர், முன்னால் பிள்ளை. பதின்மூன்று வயதுப் பெடியன்கள் இரண்டு பேர், "நாங்கள் தனியப் போறம்" என்று ஒற்றைக்காலில் நிற்பார்கள், அமைதியான இடத்தில் மாற்றிவிட்டுப் பாருங்கள், பாய்ச்சல் வருமுன் பழையபடி மாற்றுங்கள். எங்கள் படகுகளில் என் கணவரும் மகனும், அத்தானும் எங்கள் மகளும், நானும் என் பெறாமகளும்.

ஷார்லமாஞ்சுக்கு வந்தபோது மேலே கரையில் படகைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கரைப் பாறைகளில் சனம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது, யார் கவிழ்வார்கள் என்றுதான் காத்திருக்கிறார்கள், கவிழ்ந்தால் கைதட்டும் கிடைக்கும். அத்தான் முதலில் போய் நேராக இறங்கினார். நாங்கள் இறங்கும்போது பெறாமகள் முன்னால் இருந்து, "சித்தி, வலது! சித்தி, வலது!" என்று கத்தினாள், நான் வலது பக்கம் துடுப்புப் போட்டேன், படகு இடது பக்கம் திரும்பியது, ஏனென்றால் வலதில் துடுப்புப் போட்டால் படகு இடதுக்குத்தான் போகும், இதுவும் அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லப்படாத விஷயம். படகின் மூக்குப் பாறையில் இடித்து, அவள் பாறைப்பக்கம் சாய்ந்து கையால் ஒரு தள்ளுத் தள்ளினாள், பின்பக்கம் சுற்றி, மிச்சத் தூரத்தைப் பின்னோக்கியபடியே இறங்கி முடித்தோம். தண்ணீர் பாதிப் படகு வரை. கவிழவில்லை, கைதட்டும் இல்லை.

ஷாமைத் தாண்டியபிறகு வரும் பாய்ச்சல்களில் பெயர்போனது தான் நுவார், ஓட்டத்தின் நடுவில் நிற்கும் கறுப்புப் பாறை. அங்கே தண்ணீரின் இழுவை உங்களைப் பாறையை நோக்கியே கொண்டுபோகிறது, ஆகவே கடைசி நேரத்தில் முடிவெடுக்க முடியாது, மேலேயே எந்தப் பக்கம் என்று முடிவெடுத்து அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வரவேண்டும். பயமாக இருந்தால் பிள்ளைகளைக் கரையில் இறக்கி நடக்கவிட்டுப் பெரியவர்கள் மட்டும் படகைக் கொண்டுபோகலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள். மற்றவை எல்லாம் சின்னச் சின்னப் பாய்ச்சல், பிள்ளைகள், "இன்னொரு தரம்!" என்று கத்துவார்கள்.

கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் நடுவரைக்கும் போன் தார்க்குக் கீழே நல்லூர்த் தேருக்கு வீதியில் நிற்கிற மாதிரித்தான், படகோடு படகு இடிக்கும். இரண்டு நாள் பயணக்காரருக்கு இதில் ஒரு லாபம், ஷாமில் 8 கிலோமீற்றர்க்காரர் எல்லாம் இறங்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு ஆறு உங்களுக்கே.

தங்குமிடத்துக்கு நான் ஐந்து நட்சத்திரமும் கொடுப்பேன். கழிப்பறை, குடிதண்ணீர், இறைச்சி வாட்டப் பொதுவான இடம், எல்லாம் ஆடம்பரமில்லாமல் ஒழுங்காக இருக்கிறது. நெருப்பு மூட்ட அந்தப் பொது இடத்தைத் தவிர வேறு எங்கும் கிடையாது. கரையிலிருந்து பீப்பாயைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறவேண்டும், அதற்காகப் பாரத்தைக் குறைத்துக் கட்டுங்கள். இரவில் ரெலிபோனுக்கு சிக்னல் இல்லாததால் பிள்ளைகள் சீட்டு விளையாடினார்கள். பெறாமகள் இருட்டும் நேரம் ஆற்றோரம் பீவர் என்ற ஆற்று விலங்கு ஒன்றைப் பார்த்தாளாம். இந்த ஆற்றில் பீவர் இருப்பது உண்மைதான், ஆனால் அவளைத் தவிர வேறு ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் காட்சிதான் வடிவு. ஆறு மதலேன் என்ற இடத்தில் பெரிய வளைவாக வளைந்து போகிறது, கதீட்ரல் என்று அவர்கள் பெயர் வைத்த கோபுரப் பாறை ஒன்று தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கிறது. அந்தப் பக்கத்தில் உடுப்பில்லாமல் குளிக்கிறவர்களுக்கென்று ஒரு முகாம் இருக்கிறது, ஆற்றங்கரையில்தான், படகில் போகும்போது நல்லாவே தெரியும். கடைக்காரர் இதையும் சொல்லவில்லை. அத்தான் திடீரென்று எதிர்க்கரைப் பாறைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு மிக நீளமாக விளங்கப்படுத்தத் தொடங்கினார், பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முன்கூட்டியே சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள், அதில் ஒன்றும் இல்லை.

கடைசிப் பகுதியில் ஆறு அகன்று தண்ணீர் அசையாமல் கிடக்கும், பாய்ச்சல் இல்லை, எதிர்க்காற்று வேறு எழும்பினால் துடுப்புப் போட்டாலும் கரை நகராது. பிள்ளைகள் சோர்வது இங்கேதான். மிச்சம் வைத்த பிஸ்கட், தோடம்பழம் எல்லாம் இங்கே எடுங்கள். பஸ் நேரத்தைக் கணக்குப் போடும்போது இந்த இடத்துக்கு இரண்டு மடங்கு நேரம் வையுங்கள்.

சோஸில் இறங்கியபிறகு பஸ். முதல் பஸ் நிறைந்துவிட்டது என்று வெயிலில் அடுத்ததற்காகக் காக்கவைத்தார்கள், நிழல் போதாது, தண்ணீர் கேட்ட பிள்ளைகளுக்கு எங்களிடம் இருந்ததைத்தான் கொடுத்தோம். பஸ் போகும் டி290 பாதை மலைவிளிம்போடு வளைந்து வளைந்து போகிறது, கீழே நீங்கள் வந்த ஆறு நூல் மாதிரித் தெரியும், பார்க்க நல்லாயிருக்கும், வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் குளிசையைப் பஸ் ஏறமுன்னே கொடுங்கள். பஸ்ஸுக்கு மூன்று நட்சத்திரம்.

எப்போது போவது? இளவேனிலில் தண்ணீர் கூட, குளிரும் கூட, அது பழகியவர்களுக்கு. குடும்பத்துக்கு ஜூன் கடைசி மிக நல்லது, பாய்ச்சலுக்குத் தண்ணீரும் இருக்கும், கூட்டமும் இன்னும் வந்திராது. கோடை நடுவில் ஆறு வற்றும்போது மேலே உள்ள அணைகளிலிருந்து தண்ணீர் விட்டு ஆற்றை ஓடவைக்கிறார்கள், அப்படியிருந்தும் சில இடங்களில் இறங்கிப் படகை இழுக்கத்தான் வேண்டும். செப்டெம்பர், ஒக்டோபரில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மழை மலைப்பக்கம் கொட்டினால் சில மணித்தியாலத்தில் ஆறு பொங்கிவிடும், 1890 செப்டெம்பர் வெள்ளத்தை இன்றைக்கும் அங்கே சொல்வார்கள். அரசாங்கத்தின் விஜிக்ரூ இணையத்தளத்தில் வல்லோனின் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கலாம், போக முதல் நாள் இரவு ஒரு தரம் பாருங்கள். தண்ணீர் கூடிப் பயணம் நின்றால் காசு திரும்ப வருமா, வேறு நாள் தருவார்களா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்குங்கள், வாயால் சொல்வதை நம்பவேண்டாம்.

பரிஸிலிருந்து வருகிறவர்களுக்கு: 650 கிலோமீற்றருக்கு மேல், வல்லோனுக்கு ரெயில் இல்லை, காரில்தான். ஜூலை, ஓகஸ்ட் சனிக்கிழமைகளில் லியோனுக்குக் கீழே ஏ7 நெடுஞ்சாலை அப்படியே நின்றுவிடும், ஆகவே வியாழன் இரவே வெளிக்கிட்டு, வெள்ளி முழுக்க ஆறி, சனி காலையில் ஆற்றில் இறங்குகிற மாதிரிப் பதிவு செய்யுங்கள்.